27 டன் ஜெனரேட்டரை உடைத்துப் பார்த்தவர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. சங்கச் செயலாளர் இரண்டு தடவை கடிகாரத்தைக் காட்டிவிட்டார். அதனால் ஒரே ஒரு பரிசோதனையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எலெக்ட்ரிகல் படித்தவர்களுக்கு, மெஷின்ஸ் லேபில் ஆல்டர்னேட்டரை பஸ்பாரோடு சின்க்ரனைஸ் செய்தது மறந்திருக்காது. மூன்று பல்புகளும் சேர்ந்தாற்போல எரியும், மங்கும், எரியும். மூன்றும் இருண்டு போகிற நேரம் பார்த்து சுவிட்சைப் போட வேண்டும். "பளிச்சுன்னு எரியும்போது போட்டா என்ன சார் ஆகும்?" என்று கேட்கிற ஆள் எல்லா செட்டிலும் ஒருத்தன் இருப்பான். "மெஷின் போயிடும்டா" என்பதோடு பதில் முடிந்துவிடும். அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் 2007 மார்ச் மாதம் அதைச் செய்தே பார்த்தார்கள்.

அந்த ஆய்வகம் 1949-இல் அணு உலைகளைச் சோதிக்க ஏற்பட்ட இடம். அணுசக்தியிலிருந்து எடுத்த மின்சாரத்தில் 1951 டிசம்பரில் நான்கு பல்புகளை எரியவிட்டது அங்கேதான். பாலைவனத்தில் சுமார் 890 சதுர மைல் நிலம், அதற்குள் சொந்தமாக 138 கிலோவோல்ட் மின்தொடர், துணை மின்நிலையங்கள். ஊருக்குப் போகிற மின்சாரத்தில் கை வைக்காமல் மின்தொகுப்பை வைத்து விளையாட இதைவிட வசதியான இடம் ஏது? 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு உருவான உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இந்தப் பரிசோதனைக்குப் பணம் கொடுத்தது. பெயர் 'அரோரா'. திட்டத்தின் மூளை மைக் அசாந்தே. மின்நிறுவனம் ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்துவிட்டு ஆய்வகத்துக்கு வந்தவர்.

எடுத்துக்கொண்டது 2.25 மெகாவாட் டீசல் ஜெனரேட்டர். எடை 27 டன். அதைக் காக்கிற டிஜிட்டல் ரிலேக்கு நெட்வொர்க் வழியாகச் சுமார் 30 வரி நிரல் போனது. குண்டும் இல்லை, கடப்பாரையும் இல்லை. ரிலே பிரேக்கரைத் திறக்கும். சுமை போனதும் ஜெனரேட்டர் வேகமெடுத்து மின்தொகுப்பை முந்தும். பேஸ் நன்றாக விலகியதும் ரிலே பிரேக்கரை மூடும். அந்த நொடியில் மொத்த மின்தொகுப்பும் சேர்ந்து அந்த ஒற்றை மெஷினை வலுக்கட்டாயமாகத் தன் வரிசைக்கு இழுக்கும். ஷாஃப்ட்டில் விழுகிற அடியை நினைத்துப் பாருங்கள். இதெல்லாம் மற்றப் பாதுகாப்புச் சாதனங்கள் சுதாரிப்பதற்குள் முடிந்துவிடும். முதல் அடியில் மெஷின் குலுங்கியது. அடுத்தடுத்து இணைப்பு ரப்பர் துண்டு துண்டாகப் பறந்தது, புகை கிளம்பியது. சில பாகங்கள் 80 அடி தள்ளிப் போய் விழுந்தன. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நிறுத்திச் சேதத்தைப் பார்த்துக்கொண்டே செய்தும் மொத்தம் மூன்று நிமிடம்தான்.

என்னை உறுத்துவது ரிலேதான். மெஷினைக் காப்பாற்ற வைத்த காவல்காரன் அது. அந்தக் காவல்காரன் கையாலேயே வீட்டை இடிக்க வைத்தார்கள். ஓடுகிற மென்பொருள் அழிந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பெரிய ஜெனரேட்டரோ டிரான்ஸ்பார்மரோ உடைந்தால் கடையில் வாங்கிவர முடியாது. ஆர்டர் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

2007 செப்டம்பரில் சி.என்.என். தொலைக்காட்சியில் அந்தப் படம் வெளியானது. உடனே எல்லோரும் ஓடிப்போய்ச் சரிசெய்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? மின்நிறுவனங்களுக்கு முறையான பரிந்துரை போவதற்கே 2010 அக்டோபர் ஆகிவிட்டது. இதற்கிடையில் அசாந்தே, அந்நாட்டு மின் நம்பகத்தன்மை அமைப்பின் தலைமைப் பாதுகாப்பு அதிகாரியானார். 2009 ஏப்ரலில் அவர் நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். "முக்கியமான சாதனங்களின் பட்டியலை மறுபடி பாருங்கள்" என்பதே அதன் சாரம். காரணம், மின்உற்பத்தி நிறுவனங்களில் பெரும்பாலானவை தங்களிடம் அப்படி ஒன்றுகூட இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தன! பட்டியலில் சேர்த்தால் விதி வரும், செலவு வரும். ஆய்வகம் ஒரு மெஷினை உடைத்துக் காட்டலாம். படிவம் நிரப்புகிறவர் மனசை யார் உடைப்பது?

2014-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. கூகுள் மீது நடந்த தாக்குதலுக்கும் 'ஆபரேஷன் அரோரா' என்று பெயர். அதைப் பற்றி ஒருவர் தகவல் கேட்க, பெயர்க் குழப்பத்தில் இந்த ஐடஹோ பரிசோதனை சம்பந்தமான 800-க்கும் மேற்பட்ட பக்கங்களை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே அனுப்பிவிட்டது.

2015 டிசம்பர் 23-ஆம் தேதி உக்ரைனில் உண்மையான தாக்குதலே வந்தது. மூன்று விநியோக நிறுவனங்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸ் அம்புக்குறி தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது. சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது எப்படித் தெரியுமா? ஆட்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் போய்க் கையால் பிரேக்கர்களைப் போட்டார்கள். அந்த வேலை தெரிந்த ஆட்கள் அங்கே அப்போது இருந்தார்கள். எல்லாவற்றையும் ஆட்டோமேட் செய்துவிட்டு லைன்மேன்களைக் குறைத்துவிட்ட ஊரில் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அடுத்த வருஷம் கீவ் நகரில் மறுபடி அடித்தார்கள். அந்தத் தீநிரலில் ரிலேக்களைச் செயலிழக்கச் செய்கிற பகுதியும் இருந்தது.

ஐடஹோ ஆய்வகம் பிற்பாடு வகுத்த முறை கேட்க எளிமையாக இருக்கும். எது போனால் தாங்கவே முடியாதோ அதை முதலில் கண்டுபிடி. எதிரி உள்ளே வந்துவிட்டான் என்றே வைத்துக்கொள். அந்த இடத்தில் நெட்வொர்க்கால் தொட முடியாத ஒரு தடையைப் பொருத்து. அது ஒரு பழைய பாணி மெக்கானிகல் சாதனமாகவோ, கையால் திருப்புகிற வால்வாகவோகூட இருக்கலாம். எங்கள் காலத்தில் 'அவுட் ஆஃப் டேட்' என்று ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிய சாமானுக்கு மறுவாழ்வு!

நம் பக்கம் 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருந்ததால் பாதிப்பில்லை என்றும் சொன்னது.

தம்பிகளே, தங்கைகளே, அரோராவைக் கம்ப்யூட்டர்காரர்கள் மட்டும் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது. பேஸ் விலகினால் ஷாஃப்ட் என்ன பாடுபடும் என்று தெரிந்த ஆளும் அந்த மேசையில் வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர்கள் ஒரு நாள் மெஷின்ஸ் லேபுக்குள் போய் அந்த மூன்று பல்புகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். துறைத்தலைவர் அனுமதி கொடுப்பார். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், சிரிக்கிறார்.