படக்கதை நூலும் பல்வேறு மாந்தரும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி பற்றிச் சில பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். கல்வி என்றவுடனே பட்டமும் உத்தியோகமும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. யாம் இன்று அவ்வளவு உயரத்திற் செல்லப் போவதில்லை. எழுத்துக் கூட்டத் தொடங்காத குழந்தையின் முன் விரிந்து கிடக்கும் படக்கதை நூலைப் பற்றியே பேச விரும்புகின்றோம். பொருள் சிறிதென்று எவரும் இகழ வேண்டா. ஆலம் வித்தும் சிறிதேயன்றோ!

குழந்தை முதலிற் படிப்பது எழுத்தையன்று, படத்தையே. இவ்வுண்மையை உணர்ந்த கொமேனியஸ் என்னும் ஆசிரியர் 1658ஆம் ஆண்டில் நூரம்பர்க் நகரினின்றும் படமும் சொல்லும் இணைந்த பாடநூலொன்றை இலத்தீன், ஜெர்மன் ஆகிய இரு மொழிகளில் வெளியிட்டார். அதன் பின்னர் மேல்நாடுகளிற் குழந்தைகட்கான படநூல்கள் பல்கின. ஆனால், அப்படங்களில் யாருடைய முகம் இருந்தது, யாருடைய முகம் இல்லை என்னும் வினா நெடுங்காலம் எழாமலே இருந்தது. அவ்வினாவை எழுப்பினோர் சிலர் வரலாற்றை முதற்கண் கூறுவாம்.

நியூயார்க் நகரப் பொது நூலகத்தில் 1921இல் பணியேற்றார் பூரா பெல்ப்ரே என்னும் அம்மையார். அவர் போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து வந்தவர். அத்தீவினின்று குடியேறிய ஏழை மக்கள் அந்நகரிற் பலர். அவர்தம் பிள்ளைகள் நூலகத்துள் நுழையவும் அஞ்சி நின்றனர். நூலக அலமாரிகளிலோ, தம் பாட்டியார் சொன்ன கதைகளுள் ஒன்றேனும் இல்லாமை கண்டு அம்மையார் வருந்தினார். வருந்தியதனோடு அமையாது, ஆங்கிலமும் ஸ்பானியமும் ஆகிய இரு மொழிகளிலும் பிள்ளைகட்குக் கதை சொன்னார். பொம்மைகளைக் கொண்டு நடித்துக் காட்டினார். 1932இல் தம் தீவின் பழங்கதையொன்றை நூலாகவும் வெளியிட்டார். தம் தாய்மொழி ஒலித்த இடத்திற்குப் பிள்ளைகளும் தாய்மாரும் தாமே வரத் தலைப்பட்டனர்.

அதே நூலகத்தின் ஹார்லெம் கிளையில் அகஸ்டா பேக்கர் என்னும் கறுப்பின அம்மையார் பணிபுரிந்தார். கறுப்பு மக்களைக் கோமாளிகளாகவும் அடிமைகளாகவுமே காட்டிய நூல்களைக் கண்டு மனம் புழுங்கிய அவர், 1939 முதல் அம்மக்களை மாண்புடன் காட்டும் குழந்தை நூல்களைத் தேடித் திரட்டினார். 1961இல் அந்நகர நூலகக் கிளைகள் பலவற்றின் குழந்தைப் பிரிவு முழுமைக்கும் அவரே தலைமை ஏற்றார்.

எனினும் குறை விரைவில் தீர்ந்திலது. நான்சி லாரிக் என்னும் கல்வியாளர் 1965இல் ஒரு கணக்கை வெளியிட்டார். மூன்றாண்டுகளில் 63 பதிப்பகத்தார் வெளியிட்ட 5,206 குழந்தை நூல்களுள், கறுப்பினத்தார் ஒருவரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே. நூற்றுக்கு ஏழும் தேறவில்லை! எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்பார் 1962இல் வெளியிட்ட பனிநாள் பற்றிய படக்கதை அக்காலத்தே தோன்றியதாகும். பனி பெய்த காலையில் வெளியே ஓடி விளையாடும் கறுப்பினச் சிறுவனே அதன் தலைவன். அவன் நிறத்தைப் பற்றி அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை; பனியிற் பதிந்த காலடியும் உருட்டிய பனியுருண்டையுமே கதை. அதற்கு 1963இல் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. நியூயார்க் பொது நூலகத்தார் தம் வரலாற்றில் மிகுதியாக இரவல் சென்ற நூல் அதுவே என 2020இல் அறிவித்தனர். எல்லா நிறத்துக் குழந்தைகளும் அதனை விரும்பினர் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, ஐரோப்பாவை நோக்குவாம். ஜெல்லா லெப்மன் என்னும் யூத அம்மையார் ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியை நீங்கி இங்கிலாந்து சென்றவர். தம்மைத் துரத்திய நாட்டிற்கே 1945இல் திரும்பினார். இடிபாடுகளிடையே பசித்திருந்த பிள்ளைகளைக் கண்டு, உணவோடு நூலும் வேண்டும் எனத் துணிந்தார். பகைவராயிருந்த நாடுகட்கெல்லாம் குழந்தை நூல் கேட்டுக் கடிதம் விடுத்தார். இருமுறை ஜெர்மானியப் படையெடுப்புக்கு ஆளான பெல்ஜியம் முதலில் மறுத்தது. மூன்றாம் போர் நேராதிருக்கவே இந்நூல்கள் வேண்டும் என அவர் மீண்டும் எழுத, அந்நாடும் நூல்களை விடுத்தது. 1946இல் மியூனிக் நகரில் அந்நூல்களின் கண்காட்சி நிகழ்ந்தது. 1949இல் அது பன்னாட்டு இளைஞர் நூலகமாக மலர்ந்தது. பிற நாட்டாரை வெறுக்கக் கற்பிக்கப்பட்ட பிள்ளைகள், அந்நாட்டாரின் படக்கதைகளைத் தரையிலமர்ந்து பார்த்தனர். இதனினும் சிறந்த அமைதித் தூது வேறு யாது?

ரூடின் சிம்ஸ் பிஷப் என்னும் பேராசிரியை 1990இல் நூலைக் கண்ணாடிக்கும் சாளரத்திற்கும் ஒப்பிட்டார். குழந்தை தன் முகத்தைக் காணும் நூல் கண்ணாடி. பிறர் வாழ்வைக் காணும் நூல் சாளரம். கண்ணாடியே காணாத குழந்தை தன்னை இழிவாக எண்ணும். சாளரமே காணாத குழந்தை தன் வீடே உலகம் எனச் செருக்கும். இரண்டும் கேடே.

இவையெல்லாம் ஏட்டிற் கற்றன. எம் பிழையிற் கற்றது ஒன்றுண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. எம் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த செங்கற்சூளைத் தொழிலாளர் ஒருவரின் மகள் படித்தாள். ஒருநாள் மலைவாழ் மக்கள் பற்றிய படநூலொன்றை வாசித்தோம். அதில், முகமெங்கும் பச்சை குத்திய மூதாட்டி ஒருத்தியின் படம் இருந்தது. பிள்ளைகள் கொல்லென்று நகைத்தனர். யாமும் புன்னகைத்துப் பக்கத்தைப் புரட்டினோம். அச்சிறுமி மட்டும் தலை கவிழ்ந்திருந்தாள். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. சூளைக்குச் சென்று வினவியபோது அவள் தாய் கூறினாள்: “அவள் பாட்டி முகமும் அப்படித்தான் ஐயா இருக்கும்.” எமக்கு நா எழவில்லை. தமிழ் கற்பிக்கும் யாம் ஒரு நகையை நிறுத்தும் சொல்லின்றி நின்றோம்!

அவளை அழைத்து வந்து, அந்நூலை மீண்டும் எடுத்தோம். இம்முறை அப்படத்தில் நெடுநேரம் நின்றோம். “உங்கள் பாட்டிமார் கையில் என்ன இருக்கிறது?” என்று வினவினோம். “பச்சைக் கோலம், ஐயா!” என்றான் ஒருவன். “எங்கள் ஆத்தா கையில் தாத்தா பேரே இருக்கிறது!” என்றாள் மற்றொருத்தி. அப்பொழுது அச்சிறுமி தலை நிமிர்ந்து, தன் பாட்டியின் முகத்துக் கோடுகளைப் பலகையில் வரைந்து காட்டினாள். ஒருவரும் நகைக்கவில்லை. நூல் ஒன்றே, வாசித்த முறையே வேறு.

ஆதலின், வாசிக்கும் முறையைச் சிறிது கூறுவாம். நூலைத் தாம் ஒருமுறை முன்னரே படித்துக்கொள்ளுக. பிள்ளைகளை அரைவட்டமாக அமர்த்திப் படம் அவர்களை நோக்குமாறு பிடிக்க. எழுதினார் பெயரையும் வரைந்தார் பெயரையும் சொல்லுக. சொல்லைப் படிக்குமுன் படத்தைப் பார்க்க விடுக. பிறமொழிப் பெயர்களைச் சிதைக்காது ஒலிக்கப் பழகுக. அம்மொழி பேசும் குழந்தை அங்கிருப்பின் அதனிடமே கேட்க. ஆனால், தன் இனத்தார் அனைவர்க்கும் விடை கூறுமாறு ஒரு குழந்தையை வற்புறுத்தற்க. ‘விநோத மனிதர்’ என்னாது, நம் வீட்டில் அதற்கு நிகர் யாது என வினவுக. திருவிழா உடையில் மட்டும் காட்டும் நூல்களோடு நில்லாது, இன்றைய அன்றாட வாழ்வைக் காட்டும் நூல்களையும் தேர்க. முடிவில் நீதி யாது எனக் கேட்டுக் கதையின் சுவையைக் கெடுக்கற்க.

நூலுக்கு எங்கே செல்வது எனின், 1957இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் தமிழிலும் படநூல்களை வெளியிட்டு வருகின்றது. சென்னையில் 1996இல் தோன்றிய தூலிகா பதிப்பகம் ஒரே கதையைப் பல இந்திய மொழிகளில் அச்சிடுகின்றது. பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் விலையின்றியே கிடைக்கின்றன.

பிறர் கதை படித்தால் நம் பிள்ளைகள் நம்மை மறவாரோ என ஐயுறுவார் உளர். தன் தாயின் முகத்தை நன்கறிந்த குழந்தை, அண்டை வீட்டுத் தாயைக் கண்டதனால் தன் தாயை மறப்பதுண்டோ? பூங்குன்றனார் பாட்டை மேடைதோறும் முழங்குகின்றோம். அவர் கண்ட பரந்த உலகை நம் பிள்ளைகட்கு ஒரு படத்திலேனும் காட்டினோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நம் சங்க நூல்நிலையத்தில் நம் குல வரலாறு கூறும் நூல்கள் மூன்று அலமாரி நிறைய உள்ளன. அவை இருக்கட்டும், அவை நமக்குக் கண்ணாடி. நான்காவதாக ஓர் அலமாரி வாங்கி, அதில் எல்லா மாந்தரின் படக்கதைகளையும் நிரப்புவோம். ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் வாசிப்புக்கென ஒதுக்குவோம். அவ்வேளையில் சங்கக் கதவு நம் தெருப் பிள்ளைகட்கு மட்டுமன்றி, எல்லாத் தெருப் பிள்ளைகட்கும், சூளைப் பிள்ளைகட்கும் திறந்திருத்தல் வேண்டும். பல மாந்தரின் கதையை ஒரு குலத்துப் பிள்ளைகட்கு மட்டும் பூட்டிய அறையிற் படித்தல் நகைப்பிற்கிடமன்றோ? முதல் ஆண்டு முழுதும் வாசிக்கும் பொறுப்பை யாமே ஏற்கின்றோம். அலமாரியின் பொறுப்பை நீங்கள் ஏற்பீர்களாக.