ஆலயத்தின் சாவி யார் கையில்?



மறைந்த தோழர்களை நினைக்கும் நாளில், கண்ணெதிரே இருக்கும் ஒரு பிரச்சினையை எடுத்துப் பேசுவது நம் மன்றத்தின் வழக்கம். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்டது தேவாலயக் கட்டடம். தாம்பரம் பக்கத்துச் சபைகளில் கட்டட நிதி திரட்டுவதைப் பார்க்கிறோம். பலிபீடத்துக்கு கிரானைட், கூடத்துக்கு ஏசி, சுவரில் எல்இடி திரை. ஏன் என்று கேட்டால், "சமூகப் பணிக்காகத்தான், வெளியே இருப்பவர்களும் உள்ளே வரவேண்டும் அல்லவா?" என்கிறார்கள். நல்லது. வெளியே இருப்பவர் யார்? அவரை வெளியே வைத்தது யார்?

தமிழ்த் திருச்சபையில் கொத்தனார் வேலையும் சாதியும் சேர்ந்தே நடந்திருக்கின்றன. புதுச்சேரி சம்பாக் கோயிலுக்குள் பறையர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். சேரி மக்கள் கூட்டமாகப் போய்ப் பெரிய பாதிரியாரிடம், நாங்களும் உங்கள் சபையார்தானே, ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. பாதிரியார் மனம் வைத்து இடித்தார் என்று மட்டும் இதைப் படிக்கக் கூடாது. கேட்டவர்கள் நம் முன்னோர். ஆங்கில ஆட்சி தமிழகத்தில் வேரூன்றுவதற்கு முன்பே, ஒரு கட்டடத்தை எப்படித் திருத்த வேண்டும் என்று சேரி மக்கள் சொல்லியிருக்கிறார்கள்.

வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலோ பிரிப்பதற்காகவே வரையப்பட்டது. கால்சட்டை போல இரண்டு நீண்ட கூடங்கள், இரண்டும் சேரும் இடத்தில் ஒரே பீடம். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் முதலான மற்றவர்கள் மறுபக்கம். 1910-இல் கௌசானல் அடிகளார் நடுத்தடுப்பை இடித்தார். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயும் தடுப்பு திரும்ப எழவில்லை. ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' நூலை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். சாதி அங்கே வரைபடத்திலேயே இருந்தது என்பது அதில் விளங்கும்.

இவை பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள்.

தாம்பரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்திலிருந்து இங்கே வந்தது. மறு ஆண்டு டிசம்பரில் சர்வதேச மிஷனரி மன்றத்தின் உலக மாநாடு அங்கேதான் கூடியது. பிற சமயத்தாரிடம் திருச்சபை எப்படிப் போவது என்று உலகமே இங்கு விவாதித்தது. மதம் மாறியவரைக் கிறித்தவம் சாதியிலிருந்து விடுவித்ததா என்று அம்பேத்கர் எழுப்பிய கேள்விக்கு இன்னும் பதில் பாக்கி இருக்கிறது.

இனி நாங்கள் நேரில் கண்டது. தாம்பரத்துக்கு மேற்கே ஒரு சபை, பெயர் வேண்டாம். புதுப்பிப்புத் திட்டத்தை விளக்கக் கூட்டம் போட்டார்கள். நாங்களும் போயிருந்தோம். பொறியாளர் வரைபடத்தை விரித்துக் காட்டி முடித்ததும், கோயிலைப் பெருக்கும் அம்மா பின்வரிசையிலிருந்து எழுந்து, "ஐயா, கக்கூஸ் எங்க வருது? இப்ப நாங்க ரயில்வே ஸ்டேஷனுக்குத்தான் போறோம்" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை. "2015-ல முடிச்சூர்ல தண்ணி ஏறுனப்ப, ராத்திரி புள்ளைங்கள தூக்கிட்டு இங்கதான் ஓடியாந்தோம். கேட்டு பூட்டியிருந்துச்சு. சாவி யாருகிட்டன்னு தெரியாம விடியற வரைக்கும் மழையில நின்னோம். இந்தப் படத்துல சாவி எங்க இருக்கு?"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கூட்டக் குறிப்பில் அவர் கேள்வி ஏறவில்லை. சந்தா பாக்கி இருந்ததால் அவருக்கு அங்கே வாக்கும் இல்லை. அவர் பிறவிக் கிறித்தவர், தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். திட்டத்தில் மட்டும் அவர் 'வெளியே இருப்பவர்', கிறிஸ்துமஸுக்குப் புடவை வாங்குபவர். தமிழகக் கிறித்தவர்களில் பெரும்பான்மையர் தலித்துகள். சபையின் உடலாக இருப்பவர்களையே சபையின் தர்மத்துக்குரியவர்களாக மாற்றுவதற்குச் சமூகப் பணி என்று பெயர் வைத்தால் நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

புதுப்பிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எங்கே தொடங்குவது என்பதைச் சொல்கிறோம். வெளிவாசல் வழியே எந்நேரமும் போகக்கூடிய கழிப்பறை. 2015 வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்திய கூடம். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம். பிள்ளைகள் இரவில் படிக்க ஓர் அறை. வீட்டு வேலை செய்யும் பெண்களும் தூய்மைப் பணியாளர்களும் சங்கக் கூட்டம் நடத்த, மதம் கேட்காமல் திறந்துவிடும் இடம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருக்கும் அநீதியைப் பேச ஒரு மேசை. கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குத் தூக்கி எறியப்பட்ட குடும்பங்களைப் பார்க்க வேன் அனுப்புகிறவர்கள், அந்தக் குடும்பங்களிலிருந்து இரண்டு பேரைக் கட்டடக் குழுவில் உட்கார வைக்கட்டும். இத்தனைக்கும் ஆகும் செலவை எல்இடி திரையின் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சாவி. ஒன்று ஆயரிடம் இருக்கட்டும். இன்னொன்று தெருவில், மழை வந்தால் முதலில் நனைகிறவர் வீட்டில் இருக்கட்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் பகுதித் தேவாலயத்துக்குப் போங்கள். கல்வெட்டில் யார் பெயர், முன்வரிசையில் யார், கல்லறையில் யாருக்கு எந்த மூலை, சாவி யாரிடம் என்று எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் அதைப் படிப்போம். 1745-இல் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கேட்காமல் எந்தச் சுவரும் விழுந்ததில்லை.

ஜெய்பீம்.