வாய்க்கால் கணக்கை எழுதிக் கேட்போம்



நம்ம வாய்க்காலைத் தூர்வாரியாச்சுன்னு போர்டு நட்டுவிட்டார்கள். உள்ளே கோரையும் ஆகாயத்தாமரையும் அப்படியே நிற்கிறது. கேட்டால் "கணக்கெல்லாம் சரியா இருக்கு" என்கிறார்கள். சரியாக இருந்தால் காட்ட வேண்டியதுதானே?

காட்டித்தான் ஆகணும். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. 1990-களில் ராஜஸ்தான் கூலி ஜனங்களும் சிறு விவசாயிகளும் மஸ்டர் ரோலைக் காட்டச் சொல்லித் தெருவில் உட்கார்ந்தார்கள். செத்தவர் பேரிலும் கூலி எழுதியிருந்தது அப்போதுதான் அம்பலமானது. அங்கே கிளம்பிய போராட்டம்தான் இந்தச் சட்டத்துக்கு வழி போட்டது.

வெள்ளைத்தாள் போதும். பத்து ரூபாய்க்குக் கோர்ட் வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் பேருக்கு அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரமாக வைப்போம். வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவருக்கு அந்தப் பத்து ரூபாயும் கிடையாது. எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் வாரவில்லை?" என்று கேட்டால் மழுப்பிவிடுவார்கள். மதிப்பீடு, அளவுப் புத்தகம், பில், மூன்றுக்கும் நகல் கேட்போம். எத்தனை மீட்டர், எவ்வளவு மண் என்பதெல்லாம் அளவுப் புத்தகத்தில் இருக்கும். டேப்பைப் பிடித்து நாமே அளந்து பார்க்கலாம். வேலையைப் பார்வையிடவும் சட்டத்தில் இடமுண்டு.

30 நாளில் பதில் இல்லையா, அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. அப்புறம் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் இழுத்தடித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை ஆணையம் அபராதம் போடலாம்.

ஒருத்தர் மட்டும் போட்டால் வீடு தேடி வந்து மிரட்டுவார்கள். அதனால் ஊருக்குப் பத்து மனு போடுவோம். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கம் எழுதித் தரும். கையெழுத்தோ கைநாட்டோ நம்முடையதாக இருக்கட்டும்.