கடல் கடந்து கடமையேற்கும் வைத்தியருக்குத் துணை யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு "வெளிநாட்டு உத்தியோகம்" என்பது. அது பெரிய கடல். அதில் முழுவதும் இறங்கி நீந்த எனக்கு வயதும் போதாது. தலைவர் ஒதுக்கிய இருபது நிமிடமும் போதாது. ஆகையால் மருத்துவ மாணவன் என்ற உரிமையை எடுத்துக்கொண்டு அதன் ஒரு மூலையை மாத்திரம் பேச விரும்புகிறேன். இங்கே படித்துப் பட்டம் பெற்ற வைத்தியர் ஒருவர் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் முதன்முதல் கடமையேற்கும்போது அவருக்கு என்ன துணை வேண்டும், அது எங்கே கிடைக்கும், கிடைக்காவிட்டால் யாது செய்வது என்பதே அம்மூலை.

நமது ஊரில் ஒரு பிள்ளை டாக்டராகி வெளிநாடு புறப்பட்டால் நாம் செய்வன எல்லோரும் அறிந்தவையே. கோயிலில் அர்ச்சனை, வீட்டில் விருந்து, கட்டுநாயக்காவுக்கு ஒரு வான் நிறையச் சனம். பிள்ளை போய்ச் சேர்ந்ததும் ஒரு படம் வரும். கழுத்தில் ஸ்ரெதஸ்கோப், பின்னால் பனி. அதோடு கதை முடிந்துவிட்டதென்று நாம் நினைக்கிறோம். உண்மையில் கதை தொடங்குவதே அப்பொழுதுதான்.

அங்கே போவதற்குள்ள வழியைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. இங்கே இருக்கும் மருத்துவ மாணவர் அனைவருக்கும் அது மனப்பாடம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் மொத்தமாக 7.5 புள்ளி வேண்டும். பிளாப் பரீட்சையின் முதற்பாகத்தில் மூன்று மணி நேரத்தில் 180 வினாக்கள். அதைக் கொழும்பிலேயே எழுதலாம். இரண்டாம் பாகத்துக்கு மன்செஸ்ரர் நகருக்குப் போகவேண்டும். விசேட வைத்தியராகப் பயில்வோர் சிலர் வேறு வழியாக, றோயல் கல்லூரிகளின் அனுசரணையில், இரண்டு வருடத்துக்கு மேற்படாத பயிற்சிக்குப் போகின்றனர். இவ்வளவு பரீட்சைகளையும் தாண்டிப் போனவருக்கு இனி என்ன உதவி தேவை என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கே நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 1948 ஆம் ஆண்டு யூலை 5 ஆந் திகதி ஆரம்பமானது. அன்று தொட்டு அது பிறநாட்டு வைத்தியர்களின் தோள்மீதே ஏறி நடந்து வந்திருக்கிறது. அண்மைக் காலத்தில் அந்நாட்டு வைத்தியப் பதிவேட்டில் புதிதாகச் சேருபவரில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாடுகளிற் படித்தவர்களாகவே இருந்து வந்திருக்கின்றனர். ஆகவே நம்மவர் அங்கே போவது பிச்சைக்கல்ல. வீடு கட்ட ஆள் கேட்டவர் வீட்டுக்கே போகிறார்கள். இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். துணை கேட்பது உரிமை; தயவு கேட்பதன்று.

ஆனால் அந்த வீட்டில் நடப்பது என்ன? ஜி.எம்.சி. என்று எல்லோரும் அழைக்கும் பொது மருத்துவச் சபை, 1858 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உண்டானது. வைத்தியரைப் பதிவு செய்வதும் அதுவே. குற்றங் கண்டாற் பதிவிலிருந்து நீக்கும் விசாரணை தொடங்குவதும் அங்கேதான். அச்சபையின் வேண்டுகோளின் பேரில் டொயின் அற்றெவொலோகன், றொஜர் கிளைன் என்னும் இருவர் ஓர் ஆராய்ச்சி செய்து 2019 இல் அறிக்கை வெளியிட்டனர். ஆஸ்பத்திரி அதிகாரிகள் தம்மிடம் வேலை செய்யும் வைத்தியரைப் பற்றிச் சபைக்கு முறையிடும்போது, அந்நாட்டிற் படித்தவரைக் காட்டிலும் பிறநாட்டிற் படித்தவர் இரண்டரை மடங்கு வீதத்தில் முறையிடப்படுகிறார்கள் என்பது அதிற் காணப்படும் செய்தி.

இதைக் கேட்டவுடன் நமக்கு இரண்டு எண்ணம் வரும். "நம்மவர் படிப்புக் குறைவு" என்பது ஒன்று. "வெள்ளைக்காரனின் துவேஷம்" என்பது மற்றொன்று. இரண்டும் சுலபமான விடைகள். அறிக்கை காட்டும் காரணங்கள் நுணுக்கமானவை. புதிதாக வருபவருக்குச் சரியான அறிமுகம் செய்து வைப்பதில்லை. ஒருவரும் நிலைத்து நில்லாத, தனிமைப்பட்ட இடங்களில் அவரை நிறுத்துகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் செய்யும் சிறு பிழையை நேரே முகத்துக்குச் சொல்வதற்கு மேலதிகாரிகள் கூசுகிறார்கள். சொன்னால் இனத்துவேஷம் என்பாரோ என்ற பயம். சொல்லாத சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒருநாள் பெரிய முறைப்பாடாகி விடுகின்றன. அந்நாட்டுப் பையனுக்குத் தேநீர் குடிக்கும்போது சொல்லித் திருத்திய விஷயம், நமது பையனுக்குக் கடிதமாக வருகிறது. என்னுடைய அபிப்பிராயத்தில் இந்த அறிக்கையில் மிக முக்கியமான பகுதி இதுதான். வசை வெளியே தெரியும். அதை எதிர்த்துப் பேசலாம். மரியாதையான மௌனம் வெளியே தெரிவதில்லை. இந்தப் பாரபட்சத்தை 2026 ஆம் ஆண்டுக்குள் ஒழிக்க வேண்டுமென்று அச்சபை 2021 இல் இலக்கு வைத்தது என்பதிலிருந்தே விஷயத்தின் கனம் விளங்கும்.

சரி, அங்கே தெரியாதவை எவை? மருந்தின் பெயரா? இல்லை. இருதயம் இங்கும் அங்கும் ஒரே பக்கத்திலேதான் இருக்கிறது. தெரியாதவை வேறு. நோயாளியின் இருதயம் நின்றால் எந்த நம்பரை அழுத்துவது? அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் அது 2222. சுவாசம், ஒட்சிசன், இரத்த அமுக்கம், நாடி, உணர்வு நிலை, உடற்சூடு ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டுக் கூட்டும் ஒரு முறை 2012 முதல் அங்குண்டு. 2017 இல் அதைத் திருத்தினார்கள். கூட்டுத்தொகை 5 ஆனால் அவசரமாகப் பார்க்கவேண்டும். 7 ஆனால் ஆபத்து. தாதி வந்து "இவருக்கு ஏழு" என்று சொல்லும்போது ஏழாம் நம்பர்க் கட்டிலா என்று விழிப்பவர் படிப்பிற் குறைந்தவரல்லர். அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பாஷை இன்னொன்று. மிஷன் பாடசாலையில் ஷேக்ஸ்பியர் நாடகத்தை ஒப்புவித்துப் பரிசு வாங்கிய என்னைப் போன்றவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு மிதப்பு உண்டு. ஆனால் ஒரு கிழவி கட்டிலிலிருந்து எழும்பி "ஸ்பென்ட் எ பெனி" என்று கேட்டால், அவள் காசைப் பற்றிப் பேசவில்லை, சிறுநீர் கழிக்கப் போகவேண்டும் என்கிறாள் என்பதை எந்த ஷேக்ஸ்பியரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை!

எல்லாவற்றிலும் கடினமானது குடும்பம் பற்றிய வழக்கம். எனக்கு அண்ணா முறையான ஒருவர் அந்நாட்டின் வடபகுதியில் ஓர் ஆஸ்பத்திரியிற் சேர்ந்தார். சேர்ந்த மூன்றாம் நாளே இரவுக் கடமை. கொம்பியூட்டருக்குள் நுழைய அவருக்கு இன்னும் கடவுச்சொல் கொடுக்கப்படவில்லை. அறிமுகம் என்ற பெயரில் ஒரு வீடியோப் படம் காட்டினார்கள்; அதில் தீயணைக்கும் விதம் மிக நன்றாக விளக்கப்பட்டதாம். அன்றிரவு, வயது முதிர்ந்த நோயாளி ஒருவருக்குப் புற்றுநோய் என்ற முடிவு வந்தது. நம்மூர் வழக்கப்படி அண்ணா என்ன செய்தார்? வெளியே நின்ற மூத்த மகனை ஒதுக்குப்புறமாக அழைத்து, தோளிற் கை வைத்து, மெதுவாகச் சொன்னார். இங்கேயென்றால் அதுவே கருணை. அங்கே அது இரகசியம் காக்கத் தவறிய குற்றம். நோயாளி சுயபுத்தியோடு இருக்கும்போது அவருடைய சம்மதமின்றி மனைவிக்குக்கூடச் சொல்லக்கூடாது. சிகிச்சையில் உள்ள முக்கியமான ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் நோயாளிக்கே எடுத்துச் சொல்லவேண்டும் என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2015 இல் மொன்ற்கோமரி வழக்கில் தீர்ப்புச் செய்திருக்கிறது.

மறுநாட் காலை முறைப்பாடு வந்தது. அண்ணாவின் நல்ல காலம், அவருக்குப் பொறுப்பான ஆலோசக வைத்தியர் அவரைத் தம் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு முக்கால் மணி நேரம் பேசினார். "உங்கள் நாட்டில் இதை எப்படிச் செய்வீர்கள்?" என்பதே அவருடைய முதற் கேள்வியாம். பின்னர் இருவருமாகப் போய் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டனர். கிழவர் சிரித்துக்கொண்டு கை கொடுத்தார். அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் நான் துணை என்கிறேன். அது கிடையாதிருந்தால் அண்ணா இன்று எங்கேயிருப்பாரோ!

இந்த மாதிரித் துணையை அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடக்கூடாது. பிறநாட்டு வைத்தியரை எவ்விதம் வரவேற்று அறிமுகம் செய்யவேண்டும் என்று அந்நாட்டுச் சுகாதார சேவையினர் 2022 இல் ஒரு கைந்நூலே வெளியிட்டிருக்கிறார்கள். தனியே பொறுப்பேற்குமுன் சில காலம் மற்றொருவரின் பின்னால் நின்று வேலை பார்த்தல், தோழனாக ஒரு வைத்தியரை நியமித்தல், கல்வி மேற்பார்வைக்கு ஒருவர், தங்க இடம், வங்கிக் கணக்கு வரை அதிலே பேசப்படுகிறது. நூல் நல்ல நூல்தான். ஆனால் எல்லா ஆஸ்பத்திரியும் அதன்படி நடப்பதில்லை. ஆகவே உத்தியோகக் கடிதத்திற் கையொப்பம் இடுவதற்கு முன்னரே எழுத்தில் கேளுங்கள்: எத்தனை நாள் நான் பின்னால் நின்று பார்க்கலாம்? எனது மேற்பார்வையாளர் யார்? முதல் இரவுக் கடமை எப்போது? இதற்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைவிட, அது வருவதற்கு எடுக்கும் நேரத்தைக் கவனியுங்கள்.

ஜி.எம்.சி. நடத்தும் ஓர் இலவச அரைநாள் வகுப்பு உண்டு. அதற்குப் போகாமலிருப்பது மடமை. பணத்தை மிச்சம் பிடிக்கும் நம்மவர் செய்யும் வேறொரு காரியத்தையும் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியே காப்புறுதி தருகிறது என்று நினைத்து மருத்துவப் பாதுகாப்புச் சங்கங்களிற் சேராமல் விடுகிறார்கள். அரசாங்கக் காப்பு நோயாளி கேட்கும் நட்டஈட்டுக்கு மாத்திரமே. உங்கள்மேல் ஜி.எம்.சி. விசாரணை வந்தால் அது உங்களுக்காக வழக்கறிஞர் வைக்காது. 1885 முதலும் 1892 முதலும் இயங்கிவரும் அத்தகைய சங்கங்கள் அங்குண்டு. முதற் சம்பளத்துக்கு முன்னரே ஒன்றிற் சேர்ந்துவிட வேண்டும். 1832 இல் தொடங்கிய பிரித்தானிய மருத்துவச் சங்கம் தொழிற்சங்கமாகவும் இருக்கிறது. ஒப்பந்தத்தை அவர்களிடம் காட்டி வாசிப்பிக்கலாம். இந்திய வம்சத்து வைத்தியர்கள் 1996 இல் அமைத்த பாப்பியோ என்ற சங்கமும் பிறநாட்டு வைத்தியரின் நியாயத்துக்காக நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மேலதிகாரியிடம் சொல்லப் பயமான விஷயத்தைச் சொல்வதற்கென்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒரு காவலர் இருக்கிறார். 2015 இல் வந்த பிரான்சிஸ் அறிக்கையின் பின் ஏற்பட்ட பதவி அது. அவர் இருப்பது தெரியாமலே வருடங் கழித்தவர் உண்டு.

இனிப் பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. கோபிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். "தெரியாது" என்று சொல்வதை அவமானமாக நினைக்கும்படி எங்களை வளர்த்துவிட்டீர்கள். வகுப்பிலே கேள்வி கேட்டவனை மொக்கன் என்றார்கள். அந்தப் பழக்கம் விமானம் ஏறி வருகிறது. நடு இரவில் சிரேஷ்ட வைத்தியரை எழுப்பிக் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று கேளாமல் இருந்து நோயாளிக்குத் தீங்கு வந்தால், அதற்கு அந்நாட்டில் மன்னிப்பில்லை. அது நியாயமும் தான். அதோடு காணியை ஈடு வைத்து அனுப்பிய கடன், தங்கையின் சீதனம், கோயில் திருப்பணி எல்லாம் அவன் தலையில். விசாவும் அவனை வேலைக்கெடுத்த ஆஸ்பத்திரியின் அனுசரணையிலேயே தங்கியிருக்கிறது. இவ்வளவையும் சுமப்பவன், "எனக்கு இந்த வேலை அதிகம், உதவி தாருங்கள்" என்று வாய் திறப்பானா? தொலைபேசியில் அவனோடு பேசும்போது சம்பளத்தைக் கேட்குமுன், "தம்பி, நித்திரை கொண்டாயா? உனக்குச் சொல்லித்தர ஆளிருக்கா?" என்று கேளுங்கள். முதலாண்டில் காசு அனுப்பாவிட்டாற் குறை சொல்லாதிருங்கள்.

போகலாமா கூடாதா என்ற வாதம் வேறு. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின் பின் எத்தனையோ வைத்தியர் புறப்பட்டுப் போனார்கள். நமது ஆஸ்பத்திரிகளில் அந்த வெறுமையை நோயாளிகள் உணருகிறார்கள். அதற்கொரு தனிக்கூட்டம் வைக்கவேண்டும். இப்போது அங்கும் இடங்களுக்குப் போட்டி கடுமையாகி, பிளாப் பரீட்சை தேறியும் வேலையின்றி இருப்போர் உண்டு என்பதை மாத்திரம் சொல்லி வைக்கிறேன். காணியை விற்குமுன் விசாரியுங்கள்.

வந்த வைத்தியர் ஒருவரை நமது நாடும் அறியும். அமெரிக்காவிற் படித்த டாக்டர் சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தினார். தமிழைக் கற்று, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, நம்மூர் மாணவர் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவருடைய மேதைமையைப் பலர் பேசியிருக்கிறார்கள். நோயாளி தலைச்சுற்று என்றும் வாய்வு என்றும் நெஞ்செரிவு என்றும் சொன்னபோது அவற்றின் பொருளை அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டுமல்லவா? அந்த யாரோ நம்முடைய முன்னோர்தான்.

நான் கேட்பதும் அதுபோன்ற சிறிய உதவியே. இந்த ஊரிலிருந்து போய் அங்கே கடமை புரியும் வைத்தியர்களில் விருப்பமுள்ளவர்களின் விபரத்தைச் சங்கம் சேர்த்து வைக்கவேண்டும். புதிதாகப் போகும் பிள்ளை முதல் இரவுக் கடமைக்கு முன் அவர்களில் ஒருவரோடு தமிழில் அரைமணி நேரம் பேசக்கூடியதாக இருக்கவேண்டும். தலைவர் சம்மதித்திருக்கிறார். வாசிகசாலை மேசையில் இன்று ஒரு கொப்பி வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் அங்கே இருக்கும் பெற்றோர், அவர்களிடம் கேட்டு, சம்மதம் பெற்ற பின் பெயரை எழுதிவிடுங்கள்.