அங்கத்தினர் காலமானபின் சிறு சொத்தைப் பைசல் செய்தல்

(திருமழிசையில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த உபந்நியாசம்)



குடும்பத் தலைவன் காலஞ்சென்றால், துயரத்தோடு சில காகிதங்களும் வீட்டில் எஞ்சுகின்றன: சங்கத்துப் பங்குச் சீட்டு, டெபாசிட் ரசீது, பட்டா நகல். இவற்றைப் பைசல் செய்யக் கோர்ட்டுக்குப் போயே தீரவேண்டும் என்று பலர் அஞ்சுகின்றனர். அதனால் பணம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அல்லது அலைச்சலிலேயே கரைந்துபோகிறது.

புரோபேட் என்பது உயில் மெய்யானதென்று கோர்ட்டு அளிக்கும் அத்தாட்சி. உயில் எழுதாதவர் விஷயத்தில் அதற்கு இடமேயில்லை. 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், இப்பிரதேசத்து ஹிந்துக்களைப் பொறுத்தவரை, சென்னை ஹைகோர்ட்டின் அசல் சிவில் அதிகார எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும், அவ்வெல்லைக்குள் உள்ள ஸ்தாவர சொத்தைப் பற்றிய உயிலுக்குமே அதை விதித்திருந்தது. திருமழிசையில் எழுதி, இவ்வூர் நிலத்தை மட்டும் பற்றிய உயிலுக்கு அக்கட்டாயம் இருந்ததில்லை.

சங்கத்துப் பணத்திற்கோ இன்னும் எளிய வழி உண்டு. திருவள்ளூர் ஜில்லாவிலேயே உள்ள திரூரில் 1904இல் முதற்சங்கம் தோன்றியது. 1912ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டம், இறந்த அங்கத்தினர் நியமித்தவருக்கும், நியமனம் இல்லாவிடில் வாரிசென்று நிர்வாகக் கமிட்டிக்குத் தோன்றுபவருக்கும் தொகையைச் செலுத்தலாம் என்றது. அவ்வாறு செலுத்தியபின் வேறொருவர் சங்கத்தை மறுபடி கேட்க முடியாது. பின்வந்த சட்டங்களிலும் நியமன முறை தொடர்கிறது.

ஆனால் நியமனதாரரே சொந்தக்காரர் என்று எண்ணலாகாது. ஆயுள் இன்ஷூரன்ஸ் வழக்கொன்றில், நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே, அது வாரிசுகளுக்கே உரியது என்று சுப்ரீம் கோர்ட்டு 1983இல் தீர்மானித்தது. உயிலின்றிக் காலமான ஓர் அங்கத்தினரின் சுயார்ஜிதம் பங்கும் டெபாசிட்டும் சேர்ந்து 25,000 ரூபாய், கடன் 5,000 ரூபாய் என்று கொள்க. மீதி 20,000 ரூபாயை நியமனதாரரான மனைவி பெறுகிறாள். தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருப்பின், 1956ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒவ்வொருவருக்கும் 5,000 ரூபாய். மணமாகிப் போன மகளை விலக்குவது தருமமுமன்று, சட்டமுமன்று.

செய்யவேண்டியவை இவை. மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்து சான்றிதழ் பெறுக. பாஸ் புத்தகம், பங்குச் சீட்டு ஆகியவற்றுடன் சங்கத்திற்கு மனுச் செய்க. நியமனம் இல்லையேல், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற்று, ஏனைய வாரிசுகளின் எழுத்து மூலமான சம்மதத்தையும் சேர்க்க. தகராறு இருந்தால் மட்டும் கோர்ட்டை நாடுக. அங்குப் பெறும் வாரிசுரிமைச் சர்ட்டிபிகேட்டு வரவேண்டிய கடன்களுக்கும் பத்திரங்களுக்குமே செல்லும், நிலத்திற்குச் செல்லாது. நிலத்தை வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டுப் பாகப்பத்திரமோ விடுதலைப் பத்திரமோ ரிஜிஸ்தர் செய்துகொள்வதே நலம். பட்டாவில் பெயர் மாறியதனால் மட்டும் பாத்தியம் மாறிவிடாது.

இன்றே ஒவ்வோர் அங்கத்தினரும் தம் நியமனத்தைச் சங்கப் புஸ்தகத்தில் பார்த்துக்கொள்க. நியமிக்கப்பட்டவர் இறந்திருந்தாலோ, விவாகத்திற்கு முன் எழுதியதாயிருந்தாலோ, புதிதாக எழுதுக. பணம் எங்கெங்கே உள்ளதென்று மனைவி மக்களுக்குச் சொல்லிவைக்க. இவ்விரண்டையும் செய்தவர் குடும்பம் துக்க காலத்தில் பிறர் வாசலில் நிற்கவேண்டியிராது.