சும்மா கிடக்கும் நேரம்



காவிரியில் வெள்ளம் வந்தால் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை. பரிசல்காரருக்கு அது ஓய்வு என்று நினைக்கிறோம். அவரோ பரிசலைக் கவிழ்த்துப் போட்டு, மூங்கில் பிளாச்சில் விரிசல் உண்டா என்று தடவிப் பார்ப்பார். கசியும் இடத்தில் தாரைக் காய்ச்சிப் பூசுவார்.

இயந்திரங்களும் அப்படித்தான்; சும்மா கிடக்கும் நேரத்திலும் கவனிப்பு வேண்டும். கனடாவில் வீட்டு வாசலில் குவியும் பனியைத் தள்ள ஒரு பெட்ரோல் இயந்திரம் வைத்திருப்பார்கள். பனிக்காலம் முடிந்ததும் டேங்கில் பெட்ரோலை அப்படியே விட்டால், நாளடைவில் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும்.

நம் வீட்டு மருந்தடிக்கும் பெட்ரோல் ஸ்பிரேயருக்கும் இதே கதைதான். மூலையில் வைக்கும் முன் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.