தாங்கும் கரம் எது?



பெற்றோரைப் பிள்ளைகள் பேண வேண்டும். 2007-இல் இந்தியா இயற்றிய சட்டம் செப்புவது இது. நன்று! ஆனால், மகன் ஆலையிலே, மருமகள் வயலிலே. குளியலறையிலே வழுக்கி விழும் மூதாட்டியைத் தாங்கும் கரம் எது? சட்டப் புத்தகமா?

ஜப்பான் இதற்கு விடை தேடிற்று. 2000 ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டை நடைமுறைக்குக் கொணர்ந்தது. 40 வயது எய்தியோர் சந்தா செலுத்துகின்றனர், வரிப்பணமும் சேர்கிறது, உதவி பெறுவோரில் பெரும்பாலோர் தருவது செலவில் பத்திலொரு பங்கே!

பணம் மட்டும் போதுமா? மருத்துவர் ஒருநாள், செவிலி மறுநாள், குளிப்பாட்டுபவர் வேறொரு நாள். ஒருவர் செய்வதை மற்றவர் அறியாவிடில் பயன் என்ன? ஆகவே, அங்கே பராமரிப்பு மேலாளர் என்று ஒருவர் உண்டு. வீடு தேடி வருகிறார், குறை கேட்கிறார், திட்டம் தீட்டுகிறார், பல கரங்களை ஒரே கரமாக்குகிறார். சுவரிலே கைப்பிடி பொருத்தும் செலவிலும் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்கிறது!

பணியாளர் பற்றாக்குறை அங்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும், முதுமை என்பது மருமகளின் முதுகிலே மட்டும் ஏற்றப்படும் மூட்டையன்று, சமுதாயத்தின் பொறுப்பு என்பதைச் சட்டமாக்கிக் காட்டினர்.

முதியோர் கேட்பது இரக்கமல்ல, தோழர்களே! வாழ்ந்த வீட்டிலேயே அச்சமின்றி வாழும் உரிமை!